திருமெழுக்கும் மச்சுப் பலகையும்

சைவ மரபில் இறைவனுக்குச் செய்யும் சரியைத் தொண்டுகளுள் திருவலகு இடுதலும் திருமெழுக்கு இடுதலும் சிறப்பாக எண்ணப்படுவன. திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியார் நாள்தோறும் இத்தொண்டைச் செய்துவந்தார் எனப் பெரியபுராணத்தால் அறிகிறோம். அவர்தம் தம்பியாராகிய அப்பர் பெருமானோ கையில் உழவாரப் படை ஏந்தித் தலங்கள்தோறும் சென்று ஆலயத் தரையைத் தூய்மை செய்தார். தரையைப் பேணுவது எளிய வேலை என்று எண்ணாமல், அதனையே வழிபாடாகக் கொண்ட பெரியோர்கள் அவர்கள்.

அந்நாளில் மெழுக்கு என்றால் பசுஞ்சாணம். மண்தரைக்கு அது பொருந்திற்று. இன்று நம் இல்லங்களில் தரை பலவிதம். கருங்கல், சிவப்புக் காவித் தளம், ஆத்தங்குடிக் கல், சலவைக்கல் ஆகியவற்றைப் பேணும் முறை பலருக்கும் தெரியும். ஆனால் தாமிரபரணிக் கரை ஊர்களில் பழைய வீடு வைத்திருப்போர் பலரும் திகைத்து நிற்பது மரத்தளத்தின் முன்பாகத்தான். மாடியில் மச்சுப் பலகை மங்கிப்போய்விட்டது, பூஜை அறைப் பலகையில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது, ஊஞ்சற்பலகை சொரசொரப்பாகிவிட்டது என்று சொல்லக் கேட்கிறோம். கடையில் விற்கும் பூச்சை அடிக்கலாமென்றால், அதன் நெடி வாரக்கணக்கில் வீட்டைவிட்டு அகல்வதில்லை. தவழும் குழந்தையும் இளைப்பு நோய் உள்ள முதியவரும் இருக்கும் வீட்டில் என்ன செய்வது? இக்கட்டுரை அதற்கான விடையைத் தேடும் முயற்சி.

கோயிலில் மரம்

கோயில் என்றதும் நம் மனத்தில் எழுவது கல். எனினும் கொடிமரம், தேர், வாகனம், சப்பரம், திருக்கதவு என மரமின்றி உற்சவம் இல்லை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் தாமிர சபை நம் திருநெல்வேலியில், அருள்மிகு நெல்லையப்பர் திருக்கோயிலில் அமைந்துள்ளது. மேலே செம்புத் தகடு வேய்ந்த அச்சபையின் உட்கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள், மரத்தில் நம் தச்சர்கள் செய்துவைத்த நுண்ணிய வேலைப்பாட்டை மறக்கமாட்டார்கள். ஆனித் திருவிழாவில் நான்கு ரத வீதிகளையும் வலம்வரும் பெருந்தேரும் மரமே.

நாகர்கோவிலைத் தாண்டித் தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் இங்கே நினைக்க வேண்டும். 1601ஆம் ஆண்டளவில் தொடங்கி, பின்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவாக்கப்பட்ட அரண்மனை அது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்படும்வரை மன்னர்கள் அங்கே வாழ்ந்தனர். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் இன்று அதனைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. கூரை, தூண், படி, மாடித்தளம் எனப் பெரும்பகுதி மரத்தாலானது. அங்குள்ள கரிய தளங்கள் கண்ணாடிபோல் பளபளக்கக் காண்போர் அவற்றை மெருகேற்றிய மரம் என்றே மயங்குவர். ஆனால் அவை மரமல்ல. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு, தாவரச் சாறு முதலியன சேர்த்து இழைத்த காரை என்று கூறுவர். மரத்தளம் வைத்திருப்போருக்கு அந்த அரண்மனை இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, மெருகு என்பது மேலே கொட்டும் பூச்சால் மட்டும் வருவதன்று, பொறுமையாகத் தேய்ப்பதால் வருவது. மற்றொன்று, காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்று அங்கே பார்வையாளருக்கு விதித்துள்ள விதி. தரையைக் காக்கும் மருந்துகளில் இதனினும் மலிவானது இல்லை.

நம் வீட்டு மச்சு

பாபநாசம் முதல் திருநெல்வேலி வரை, ஆற்றின் இரு கரையிலும் உள்ள பழைய வீடுகளில் பட்டாசலுக்கு மேலே மச்சு இருக்கும். உத்திரக் கட்டைகளின் மேல் தேக்குப் பலகை பரப்பி, சில வீடுகளில் அதன்மேல் சுண்ணாம்புக் காரை இட்டிருப்பார்கள். சில வீடுகளில் பலகையே தளம். அறுவடை நெல்லும் புளியும் பாத்திரமும் அங்கே இருந்தன. பிற்காலத்தில் அதுவே பிள்ளைகள் படிக்கும் இடமாயிற்று. நவராத்திரியில் கொலு வைக்கும் கூடமாயிற்று.

கல்லிடைக்குறிச்சியில் உள்ள எங்கள் பூர்விக இல்லத்தின் மச்சும் அத்தகையதே. வங்கிப் பணியில் ஓய்வு பெற்றபின் நான் ஊருக்குத் திரும்பியபோது, பலகைகள் நரைத்து, நடக்கும் தடத்தில் குழி விழுந்து, ஓரங்களில் மட்டும் பழைய மெருகு மிஞ்சியிருந்தது. பலகையைப் பிரித்துப் பழைய மர வியாபாரியிடம் கொடுத்துவிட்டுக் காங்கிரீட் போடலாம் என்பது என் தம்பியின் யோசனை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் எண்பத்தாறு வயதான எங்கள் தாயார். விடுமுறைக்கு வரும் பேரனுக்கோ மூச்சு இளைப்பு. கடும் நெடியுள்ள பூச்சு கூடாது என்று குழந்தை மருத்துவர் திட்டமாகச் சொல்லியிருந்தார். 'பூசவும் முடியாது, விடவும் முடியாது என்றால் எடுத்துவிடுவதுதானே முறை அண்ணா?' என்று தம்பி கேட்டார்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பலகைகள் முதிர்ந்த மரத்தின் வைரத்திலிருந்து அறுக்கப்பட்டவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இன்று பாதுகாக்கப்பட்டவை. களக்காடு முண்டந்துறைப் பகுதி 1988ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகமாக உள்ளது. அது நல்லதே. ஆகவே தாத்தா காலத்துப் பலகையை விற்றுவிட்டால் அதே தரத்தில் இன்னொன்று வாங்குவது அரிது. ஒருமுறை கொடுத்தால் திரும்பி வராத முதல் அது. இவ்வாறு சொல்லி ஓர் ஆண்டு தவணை கேட்டேன். தம்பி இசைந்தார். அந்த ஓராண்டில் படித்தும் ஊர்ப் பெரிய ஆசாரியிடம் கேட்டும் செய்தும் அறிந்தவற்றையே கீழே தருகிறேன்.

மெருகு ஏன் மங்குகிறது?

முதற் பகை மணல். மணலில் உள்ள படிகக்கல் எந்த மரத்தைவிடவும் மிகக் கடினமானது. காலில் ஒட்டிவரும் ஒவ்வொரு துகளும் உப்புக் காகிதம்போல் பலகையைத் தேய்க்கிறது. ஆகவே நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் பெருக்குதலே பாதி வைத்தியம்.

இரண்டாம் பகை நீர். வாளி நீரை ஊற்றிக் கழுவும் பழக்கம் கல்தரைக்கு உரியது. மரத்தில் அந்நீர் மூட்டுகளுக்குள் இறங்கிப் பலகையை உப்பச் செய்யும், ஓரம் தூக்கும், நாளடைவில் பூஞ்சையும் கறையானும் வரும். பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, மிகையான தூய்மை. பினாயில், சோடா, சலவைத்தூள் ஆகியவை பழைய பூச்சை அரித்துவிடும். சோடா போன்ற காரம் பட்டால் துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்கள் கறுத்தும் போகும். இயற்கை முறை என்று சிலர் சொல்லும் வினிகரும் எலுமிச்சைச் சாறும் புளிப்பு அமிலங்களே. அவற்றை அடிக்கடி பயன்படுத்தினால் மெருகு மங்கும். நமக்கு உகந்தது பூந்திக்கொட்டை. ஏழெட்டுக் கொட்டைகளை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, அரை வாளி நீரில் கலந்து, துணியை நன்கு பிழிந்து துடைத்தால் அழுக்கு போகும். வெளிர்நிற மரமானால் முதலில் ஒரு மூலையில் துடைத்து நிறம் மாறுகிறதா எனப் பார்த்துக்கொள்க.

பக்தி மிகுந்த இல்லங்களுக்கே உரிய கறைகளும் உண்டு. விளக்கெண்ணெய் சிந்திய இடத்தில் கடலை மாவையோ முல்தானி மட்டியையோ தூவி ஓர் இரவு வைத்துக் காலையில் பெருக்கினால் எண்ணெயை அது பெருமளவு இழுத்துக்கொள்ளும். மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து. சாளரத்தைத் திறந்து வெயில் படவிட்டால் நாளடைவில் தானே வெளுக்கும். ஈரமான இரும்புப் பொருள் வைத்த இடத்தில் தோன்றும் கறுப்புக் கறை வேறு வகை. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டான மை அது. அதனை முழுதும் நீக்க ஆக்சாலிக் அமிலம் என்னும் நச்சுப்பொருள் தேவைப்படும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்து, கறையை வீட்டின் வயதுக்கு ஓர் அடையாளமாக ஏற்றுக்கொள்வதே மேல்.

முதலில் சோதனை

மங்கிய பலகை எல்லாம் ஒன்றல்ல. மறைவான மூலையில் ஒரு துளி நீர் விடுக. சில நிமிடங்கள் கழித்தும் அது முத்தாகவே நின்றால் பழைய பூச்சு நன்றாக இருக்கிறது, மேலே அழுக்கு மட்டுமே என்று பொருள். அங்கே துடைத்துத் தேய்த்தாலே போதும். நீர் மெல்ல உள்ளிறங்கிப் பலகை கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. உடனே உறிஞ்சினால் மரம் வெறுமையாக உள்ளது.

பூச்சு எவ்வகை என்றும் அறிய வேண்டும். நகத்தால் சுரண்டினால் சுருளாக வருவது மெழுகு. பாலிஷ் போடுவோர் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் ஒரு துளி தொட்டு வைக்கையில் பிசுபிசுப்பானால் அது அரக்கு. இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் பிற்காலத்து வார்னிஷ். அதன்மேல் எண்ணெய் தேய்ப்பதால் பயனில்லை. உள்ளே இறங்காமல் மேலே பிசுக்காகவே நிற்கும்.

எந்த எண்ணெய்?

நம் பக்கத்தில் மரம் வறண்டால் எல்லாரும் எடுப்பது தேங்காய் எண்ணெய். பூசிய அன்று பளபளக்கும். ஒரு மாதத்தில் தூசி ஒட்டிக் கருகருவென்று ஆகிவிடும். காரணம் எளிது. எண்ணெய்களில் உலரும் எண்ணெய், உலரா எண்ணெய் என இருவகை உண்டு. உலரும் எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்தின் துளைகளுக்குள் கெட்டியாக இறுகிவிடும். உலரா எண்ணெய் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும்.

இதனை அளக்க வேதியியலார் 'அயோடின் எண்' என்ற ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். எண் உயர உயர, உலரும் தன்மையும் உயரும். தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 6 முதல் 11 வரை. நல்லெண்ணெய்க்கு 100க்குச் சற்று மேல். அது அரைகுறையாக உலர்ந்து பிசினாகும். ஆளிவிதை எண்ணெய்க்கோ 170க்கு மேல். ஆகவே தரைக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெயே. உண்பதற்கென்று செக்கில் ஆட்டி விற்கும் கலப்பற்ற எண்ணெயாக வாங்க வேண்டும். பெயின்ட் கடையில் 'காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்' என்று விற்பதில் விரைவாக உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பர். அது நம் நோக்கத்துக்கு ஆகாது.

அஷ்டபந்தனம் காட்டும் பொருள்கள்

எண்ணெய் மரத்தின் உள்ளே காக்கும். மேலே காப்பதற்கு மெழுகோ பிசினோ வேண்டும். இவற்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கும்பாபிஷேகத்தின்போது மூர்த்தியைப் பீடத்தில் பொருத்தும் அஷ்டபந்தன மருந்தை அன்பர்கள் அறிவர். அதில் சேரும் பொருள்களில் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு ஆகிய மூன்றும் உண்டு. மரத்துக்கு மெருகூட்டும் தொழிலில் உலகெங்கும் போற்றப்படும் பொருள்களும் இவையே.

அரக்கு, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். உலகில் அரக்கு விளைவதில் நம் நாடே முன்னணியில் உள்ளது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகவும் அது பயன்படுகிறது. குங்கிலியத்தின் பெருமையைத் திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனாரின் வரலாறு சொல்லும். மனைவியார் தந்த தாலியை விற்றும் இறைவனுக்குத் தூபமிட்டவர் அவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஒரு மரத்திலிருந்து கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியம், தூபத்துக்கு மட்டுமன்றி வார்னிஷ் செய்யவும் பயன்பட்டு வந்தது. தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். நம் ஊர் வெயிலையும் தாங்கும்.

பூச்சிகளிடமிருந்து வரும் பொருள் பூஜை அறைக்கு ஆகுமா என்று சிலர் கேட்கலாம். மூர்த்தியின் பீடத்துக்கே உகந்தது தரைக்கு ஆகாதா என்பது என் எண்ணம். மனம் ஒப்பாதவர்கள், பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகைப் பயன்படுத்தலாம். அது தேன்மெழுகைவிடக் கடினமானது.

மரபுப் பொருள் என்பதாலேயே அது தீங்கற்றது என்று முடிவு கட்டவும் கூடாது. அதே அஷ்டபந்தனத்தில் சேரும் சாதிலிங்கம் பாதரசக் கலவை, நச்சுடையது. பைன் மரத்திலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் இயற்கையானதே. ஆயினும் அதன் ஆவி மூச்சுக்குக் கேடு. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட்டில் நச்சுச் சாராயம் கலந்திருப்பதும் உண்டு. எனவே அரக்கு மெருகு வேண்டுவோர், அதற்குரிய தொழிலாளரைக் கொண்டு, குழந்தைகள் இல்லாத நாள்களில், சாளரங்களைத் திறந்துவைத்துச் செய்விக்கலாம். ஸ்பிரிட் ஆவியாகி முற்றிலும் உலர்ந்தபின் எஞ்சுவது அரக்கு மட்டுமே. வீட்டில் நாமே செய்துகொள்வதற்கு எண்ணெயும் மெழுகுமே உகந்தவை.

செய்முறை

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எண்ணெய் உலராது. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலும் ஆகாது. மாசி முதல் சித்திரை வரை ஏற்ற காலம். அப்போது பலகைகளுக்கிடையே இடைவெளி விரிந்து தோன்றும். அதைப் பார்த்து அவசரப்பட்டு மக்கு அடைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது மக்கு பிதுங்கி வெளியே வந்துவிடும்.

முதலில் பெருக்கி, பூந்திக்கொட்டை நீரால் துடைத்து, இரண்டு நாள் உலரவிடுக. தூக்கிநிற்கும் ஆணிகளை உள்ளே தட்டுக. சொரசொரப்பான இடங்களை மட்டும் 220ஆம் எண் உப்புக் காகிதத்தால் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இயந்திரம் கொண்டு முழுத் தளத்தையும் இழைப்பது வேண்டாத செலவு. ஒவ்வொரு முறையும் பலகையின் கனம் குறையும்.

எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் எண்ணெய் இளகி நன்கு உள்ளிறங்கும். துணியில் நனைத்து மிக மெல்லியதாகத் தடவுக. இருபது நிமிடம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்பதை முழுதும் துடைத்தெடுக்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் தரை என்றென்றும் பிசுபிசுக்கும். ஒரு பூச்சு உலர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கையை அழுத்தி எடுத்தால் ஒட்டாமல் இருக்க வேண்டும். அதன் பின்னரே அடுத்த பூச்சு. வெறுமையான மரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பூச்சுகள் போதும். அறையைப் பாதிப் பாதியாகச் செய்தால் புழக்கம் தடைப்படாது.

எவ்வளவு எண்ணெய் வாங்குவது? மரத்துக்கு மரம் உறிஞ்சும் அளவு மாறும். ஆகவே இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 4 சதுர அடியில் முதலில் பூசிப் பாருங்கள். அதற்கு மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லி செலவானால், 120 சதுர அடி அறைக்கு அதைப்போல் 30 மடங்கு, 450 மில்லி. இரண்டாம் பூச்சு அதைவிடக் குறைவாகவே கொள்ளும். இப்படிக் கணக்கிட்டு வாங்கினால் பணமும் வீணாகாது, மிஞ்சிய எண்ணெய் கெட்டும் போகாது.

எண்ணெய் உலர்ந்தபின் மெழுகு. 100 கிராம் தேன்மெழுகைச் சீவி, 400 கிராம் ஆளிவிதை எண்ணெயில் இட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. ஆறியதும் களிம்பாகும். அதைச் சிறிதளவு எடுத்துத் தேய்த்து, அரைமணி நேரம் கழித்துப் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். கைவலி எடுக்கும்வரை தேய்ப்பதில்தான் மெருகு இருக்கிறது. கண்ணாடி போன்ற பளபளப்பு வராது; பட்டுப் புடவையின் ஒளிபோல் அடங்கிய மெருகு வரும். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு மட்டும் தேய்த்தால் போதும்.

எங்கள் மச்சில் மாசியில் தொடங்கிய வேலை சித்திரைக் கடைசியில் முடிந்தது. ஆளிவிதை எண்ணெய்க்கும் ஒரு மணம் உண்டு. அது அடங்கும்வரை சாளரங்களைத் திறந்தே வைத்திருந்தோம். அவ்வாண்டு நவராத்திரிக்குக் கொலு மேலேயே வைத்தோம். பேரன் ஒன்பது நாளும் அங்கேதான் விளையாடினான்; இளைப்பு வரவில்லை. தம்பி அதன்பின் காங்கிரீட் பேச்சை எடுக்கவில்லை.

மறக்கக்கூடாத எச்சரிக்கைகள்

முதலாவது தீ. பஞ்சபாண்டவரை அழிக்க வாரணாவதத்தில் துரியோதனன் எழுப்பியது அரக்கு மாளிகை. மெருகுப் பொருள்கள் எளிதில் தீப்பற்றும் என்பதை மகாபாரத காலத்திலிருந்தே அறிந்தவர்கள் நாம். ஆளிவிதை எண்ணெயில் இதைவிட நுட்பமான ஓர் அபாயம் உண்டு. அது உலரும்போது வெப்பம் வெளிப்படும். பரப்பிய துணியில் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். கசக்கிக் குவித்த துணியில் அது தேங்கி, தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகத் தீப்பற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, 38 மாடிக் கட்டடம் ஒன்றில் மரவேலைக்கு மெருகூட்டியவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ மூண்டு, தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். எனவே பயன்படுத்திய துணியை உடனே வெளியில், கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்து உலர்த்துங்கள்; அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் நீரில் அமிழ்த்தி வையுங்கள். பூஜை அறை விளக்கருகில் ஒருபோதும் போடாதீர்கள்.

இரண்டாவது தூசி. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே சேர்த்துவிட்டது. தேய்க்கும்போது முகக்கவசம் அணிக. தூளை ஈரத்துணியால் எடுக்க வேண்டும். பழைய கதவு, கைப்பிடி, பலகை ஆகியவற்றில் பெயின்ட் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்கினால் குழந்தைகளின் உடலில் புகும். அவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அத்தகைய பெயின்டைச் சுரண்டாமல் விட்டுவிடுவதே நன்று.

மூன்றாவது வழுக்கல். மெழுகிட்ட தரையில் ஈரக்கால் வழுக்கும். மாடிப்படிகளில் மெழுகு தேய்க்கவே வேண்டாம், எண்ணெயோடு நிறுத்துக. முதியோருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு எழுவது எவ்வளவு கடினம் என்பதைக் குடும்பங்கள் அறியும். தரையின் அழகைவிடத் தாயாரின் நடை முக்கியம்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

குத்துவிளக்கைத் தாம்பாளத்தில் வைத்து ஏற்றினால் எண்ணெய் பலகையில் சிந்தாது. மரத்தளத்தில் ஈர மாக்கோலம் இடாமல், தனிப் பலகையில் இட்டு வைக்கலாம். கொலுப்படியின் கால்களுக்குக் கீழே மடித்த துணி வைக்க வேண்டும். ரப்பர் அடிப்பகுதி உள்ள விரிப்புகள் மெருகில் கறை பதிக்கும். நம் பத்தமடைப் பாய் இருக்க அவை எதற்கு? தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பாயை, தினமும் சுருட்டி எடுத்து அடியிலுள்ள தூசியையும் பெருக்கிவிட்டால் பலகையும் மூச்சு விடும்.

கோயில் மரத்துக்கு ஒரு வேண்டுகோள்

இதைப் படித்த ஆர்வத்தில், கோயில் வாகனங்களுக்கும் பழைய மரச் சிற்பங்களுக்கும் எண்ணெய் தேய்க்கலாமே என்று அன்பர்கள் எண்ணிவிடக் கூடாது. சிற்பத்தின் நுண்ணிய இடுக்குகளில் எண்ணெய் தங்கினால் தூபப் புகையும் கற்பூரக் கரியும் அதில் படிந்து, வேலைப்பாட்டையே மறைத்துவிடும். பழைய வண்ணப்பூச்சு இருந்தால் அதுவும் கெடும். அவற்றைப் பேணுவது திருக்கோயில் நிர்வாகமும் அனுபவமிக்க ஸ்தபதிகளும் செய்ய வேண்டிய பணி. நாம் செய்யக்கூடியது வேறு. மரத் தூண்களில் குங்குமமும் திருநீறும் தடவாதிருக்கலாம். மரக் கதவருகே கற்பூரம் ஏற்றாதிருக்கலாம். வாகன மண்டபத்தில் மழைநீர் ஒழுகினால் உடனே அலுவலகத்தில் தெரிவிக்கலாம். உழவாரப் பணிக்குச் செல்வோர் அங்கே உலர்ந்த மென்துணியோடு நிறுத்திக்கொண்டால் அதுவே பெருந்தொண்டு.

வரும் மாசி மாதத்தில், உங்கள் வீட்டு மச்சிலோ பூஜை அறையிலோ ஒரு மூலையில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். பலகை என்ன சொல்கிறதோ அதற்கேற்பத் தொடங்குங்கள். முன்னோர் அமர்ந்து ஜபம் செய்த பலகையில் பேரக்குழந்தைகளும் அச்சமின்றி அமர, நெல்லையப்பரும் காந்திமதி அன்னையும் திருவருள் புரிவார்களாக.